என் அப்பாவின் நேரம் 50.0 விநாடி

பினாங்கில் எங்கள் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கு,

வணக்கம்.

முதலில் நன்றி. அப்பா இறந்த அன்று இரவு வீட்டு முன்னால் கூடாரம் போட்டவர்கள் நீங்கள். மழையில் நனைந்தபடி நாற்காலி இறக்கினீர்கள், விடிய விடியத் தேநீர் ஆற்றினீர்கள், பத்து லஞ்சாங் மயானம் வரைக்கும் கூடவே வந்தீர்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன்தான். அவனும் ஜொகூரிலிருந்து வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. நீங்கள் இல்லையென்றால் நானும் அம்மாவும் திணறிப் போயிருப்போம். அதை மறந்துவிட்டு இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் பதாகை வாட்ஸ்அப் புலனத்தில் வந்தது. அடுத்த விளையாட்டுப் போட்டியில் அப்பா பெயரில் ஒரு கோப்பை கொடுக்கப் போகிறீர்கள். சந்தோஷம். பதாகையில் அப்பாவின் இருபத்திரண்டு வயதுப் படம், முடியை வகிடெடுத்து வாரி, பிளேசர் போட்டுக்கொண்டு நிற்கிறார். அழகாக இருக்கிறார். படத்துக்குக் கீழே தங்க எழுத்தில் நான்கு வரி. ஒலிம்பிக் வீரர். 1965 சீப் போட்டியில் (தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி) நாட்டைப் பிரதிநிதித்தவர். 400 மீட்டரை 49 விநாடியில் ஓடிய மின்னல். மகளிர் விளையாட்டின் முன்னோடி.

நான்கும் சரியில்லை.

செயலாளர் தம்பியை அன்றைக்கே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அக்கா, போய்ச் சேர்ந்தவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை போடுறதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது பதில் வரவில்லை, சரிப்பா என்று போனை வைத்துவிட்டேன். அதற்குள் பதாகை முகநூலுக்குப் போய், சுங்கை பட்டாணியில் இருக்கும் சித்தி பிள்ளைகள் வரைக்கும் சுற்றி, எனக்கே நான்கு பேர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதாகை ஊரெல்லாம் போன பிறகு பதில் மட்டும் தொலைபேசிக்குள் இருந்தால் போதாது. அதனால்தான் திறந்த மடல்.

அப்பாவின் கடிகாரத்தை உங்களில் பாதிப் பேர் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். சாவி கொடுக்கும் கடிகாரம், வெள்ளை முகம், விநாடிக்குப் பத்துக் கோடு. அதை யார் கையிலும் தரமாட்டார். ஆனால் நேரம் பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது மட்டும் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டுவார். முள் சரியாக ஒரு கோட்டின் மேல் நின்றால் அதுதான் நேரம். இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றால்? பிள்ளைகள் எல்லோரும் குறைந்த நேரத்தைத்தான் சொல்வார்கள். ஓடியவன் பாவம் இல்லையா. அப்பா தலையை ஆட்டுவார். "மேல போடு." நடுவில் நிற்கிற முள்ளுக்கு அடுத்த கோடுதான் கணக்கு, முந்தின கோடு இல்லை. இது அவராகக் கண்டுபிடித்த நேர்மை இல்லை, கையால் நேரம் பார்க்கிற திடல்தடப் போட்டிகளுக்கு உலகம் முழுக்க உள்ள விதி. அவர் அந்த விதியைத் திடலோடு விடவில்லை என்பதுதான் வித்தியாசம். மீன் வாங்கி வந்தால் கடைக்காரர் சொன்ன விலைக்கு மேல் ஐந்து காசு சேர்த்து அம்மாவிடம் கணக்குச் சொல்வார். வயது கேட்டால் வரப்போகிற வயதைத்தான் சொல்வார். அம்மாவுக்கு இதனால் வந்த எரிச்சலைத் தனி மடலாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது அந்த 49 விநாடிக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவின் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த ஓட்டம் 1965-இல். அது 400 மீட்டர் இல்லை, 440 கெஜம். அதாவது 402 மீட்டரும் கொஞ்சமும். புல்தடம், சுண்ணாம்புக் கோடு. புறப்படும் இடத்தில் காலை வைத்து உந்த, கொத்துக் கரண்டியால் இரண்டு குழி தோண்டிக்கொள்ள வேண்டும். தாத்தாவுக்குக் கொத்து வேலை. அவருடைய கரண்டியை வேலைச் சாக்கிலிருந்து எடுத்துப் போய்விட்டு, அடி வாங்குவதற்குள் திருப்பி வைக்க வேண்டும் என்பதால்தான் அன்று அவ்வளவு வேகமாக ஓடினேன் என்று அப்பா சொல்வார். அதை எத்தனை முறை கேட்டாலும் நாங்கள் சிரித்தே ஆகவேண்டும்.

முதல் இருநூறு கெஜத்தை அடக்கி ஓடினாராம். இந்த ஓட்டத்தின் சூட்சுமமே அதுதான். ஆரம்பத்தில் காட்டுகிற வீரத்துக்குக் கடைசி எண்பது கெஜத்தில் வட்டியோடு கட்ட வேண்டும். தொடை கல்லாகும், கை தன்பாட்டுக்கு மேலே ஏறும், தாடை இறுகும். அந்த இடத்தில் வேகத்தைக் கூட்ட யாராலும் முடியாது, குறையாமல் பார்த்துக்கொள்கிறவன்தான் முந்துவான். அப்பா அன்று முந்தினார். முதல் இடத்துக்கு மூன்று கடிகாரம். ஒன்று 49.9 காட்டியது, ஒன்று 50.0, இன்னொன்று 50.1. மூன்றும் வெவ்வேறாக இருந்தால் நடுவில் இருப்பதுதான் அதிகாரப்பூர்வ நேரம். ஆக, 50.0.

நானூறு ஓடுகிறவர்களுக்கு ஐம்பது என்பது ஒரு வாசல். அதைத் தாண்டியவன் வேறு சாதி, தாண்டாதவன் வேறு சாதி. அப்பாவின் கூட்டாளிகள் அவரை எப்படியாவது உள்ளே தள்ளிவிடப் பார்த்தார்கள். ஒரு கடிகாரம் 49.9 காட்டியதே என்றார்கள். அப்புறம் கெஜத்தை மீட்டராக்கினால் 0.3 விநாடி கழியும், அப்போது 49.7 வருகிறதே என்றார்கள். அந்தக் கணக்கும் தப்பில்லை, விளையாட்டுத் துறையில் அப்படிக் கழிப்பது வழக்கம்தான். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஓடாத ஓட்டத்துக்கு ஏதுடா நேரம்?" அந்த 49.7-தான் அறுபது வருடம் கழித்து, புள்ளிக்குப் பின்னால் இருந்த ஏழும் உதிர்ந்து, உங்கள் பதாகையில் 49 ஆகியிருக்கிறது. அப்பா ஒருபோதும் ஐம்பதுக்குள் ஓடவில்லை. அது அவருக்கு வலித்தது. ஆனால் அது அவருடைய வலி, அதை நீங்களும் நானும் எடுத்துவிட முடியாது.

சீப் போட்டிக் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். அந்த வருடம் லாவோஸ் நடத்த முடியாமல் விலகிக்கொண்டதால், தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி டிசம்பரில் கோலாலம்பூருக்கு வந்தது. அதற்கான தேர்வு ஓட்டத்தில் அப்பா ஐந்தாவது. அஞ்சல் ஓட்டத்துக்குக் குச்சி பிடிக்க நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். சதி, பாரபட்சம், இனம் என்றெல்லாம் உங்கள் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு அப்படி நடந்த கதைகள் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். இது அப்படிப்பட்ட கதை இல்லை. நான்கு பேர் அவரைவிட வேகமாக ஓடினார்கள்.

ஆனால் போட்டிக்கு அவர் போனார். இதைத்தான் யாரும் எழுதவில்லை. துறைமுகத்தில் மூன்று நாள் விடுப்பு எடுத்து, படகேறி பட்டர்வொர்த் போய், இரவு ரயில் பிடித்து, காலையில் கோலாலம்பூரில் இறங்கி, மெர்டேக்கா அரங்கத்தில் காசு கொடுத்து உட்கார்ந்தார். அந்த அஞ்சல் ஓட்டத்தைப் பற்றி எங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எப்போதும் குச்சி கைமாறுகிற இடத்தில்தான் நிறுத்துவார். யார் எந்தக் கையில் வாங்கினார், எந்தக் காலில் புறப்பட்டார், திரும்பிப் பார்த்தாரா இல்லையா. "மூணாவது ஆளு ஒரு எட்டு சீக்கிரம் கிளம்பிட்டான்" என்று எண்பது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறவனை அவ்வளவு கவனமாகப் பார்க்க ஒரு மனது வேண்டும். எனக்கு அந்த மனது இருந்திருக்காது, நான் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

துறைமுகத்தில் அவருக்கு எண்ணுகிற வேலை. தொங்காங் என்ற சரக்குப் படகிலிருந்து மூட்டை இறங்க இறங்க, ஒன்றுக்கு ஒரு கோடு. நான்கு கோடு நிமிர்ந்து நிற்கும், ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. ஐந்தாவதாக வந்ததைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் அப்பா அதைத்தான் சொல்வார். "நாலு பேரு நிமிந்து நிக்கலாம்டா. அஞ்சாவது ஆளு குறுக்க படுத்தாத்தான் கணக்கு கட்டும்." அவர் வாயிலிருந்து வந்த ஒரே தற்பெருமை அதுதான். தற்பெருமையா, தன்னையே கேலி செய்துகொண்டதா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஒலிம்பிக்கைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் இருக்கும் பிளேசர் அவருடையது இல்லை. டோக்கியோவுக்குப் போய்வந்த ஒருவருடையது. கேம்பல் ஸ்திரீட்டில் படம் எடுக்கப் போனபோது அவர் கழற்றிக் கொடுக்க, அப்பா போட்டுக்கொண்டார். தோளில் தொளதொளவென்று தொங்குவதை உற்றுப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். பெண் பார்க்கப் போனபோது அந்தப் படத்தைத்தான் பாட்டி கொண்டுபோனார்களாம். அம்மா வீட்டில் ஒலிம்பிக் மாப்பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்களாம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அப்பா தானே போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தார். அம்மாவின் அப்பா சிரித்துவிட்டு, "மூட்டை எண்ணுற வேலை நிசந்தானே?" என்று மட்டும் கேட்டாராம். ஆக அந்தப் படத்துக்கு இது இரண்டாவது திருத்தம்.

மூட்டை எண்ணுகிற வேலையும் கொஞ்ச நாளில் ஆட்டம் கண்டது. 1969-இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுகத் தகுதி போனது. பெரிய கப்பல்கள் ஒவ்வொன்றாக பட்டர்வொர்த் பக்கத்துத் துறைக்குப் போகத் தொடங்கின. அந்த வருடம்தான் அப்பா ஆணிச் சப்பாத்தை விற்றார். பன்னிரண்டு வெள்ளிக்கு, தன்னைவிட இளையவன் ஒருவனுக்கு. நான் பிறப்பதற்கு முந்தின வருடம். அதற்குப் பிறகு அவர் போட்டியில் ஓடியதில்லை. விடியற்காலையில் தண்ணீர்மலைப் பக்கம் பூந்தோட்டம் வரைக்கும் வெறும் காலோடு ஓடிவிட்டு, எதுவும் நடக்காத மாதிரி வேலைக்குப் போவார். 2012-இல் மலைமேல் புதிய கோயில் எழும்பிய பிறகு அந்த 513 படிகளும் அவருக்குப் பயிற்சித் தடமாகிவிட்டன. சாமி கும்பிடத்தான் போகிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். பாக்கெட்டில் கடிகாரம் இருந்ததை நான்தான் பார்த்தேன்.

உங்களுக்கெல்லாம் அவரைத் தெரிந்தது நேரக் காப்பாளராகத்தான். எழுபதுகளிலிருந்து மூட்டு ஆபரேஷன் ஆகும்வரைக்கும் நம் பள்ளிப் போட்டியில் முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துப் படியில் குடையில்லாமல் உட்கார்ந்திருப்பார். குடை பிடித்தால் துப்பாக்கிப் புகை தெரியாதாம். சத்தம் கேட்டு அமுக்குகிறவனைப் பக்கத்தில் சேர்க்கமாட்டார். நூறு மீட்டருக்கு அந்தப் பக்கம் சுட்ட சத்தம் இந்தப் பக்கம் வந்துசேர கிட்டத்தட்ட 0.3 விநாடி ஆகும். அதற்குள் ஓடுகிறவன் புறப்பட்டுவிடுவான். புகையைப் பார்த்துத்தான் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். முடிவுக்கோட்டில் தலையைப் பார்க்கக்கூடாது, நீட்டுகிற கையையும் பார்க்கக்கூடாது, நெஞ்சு கோட்டைத் தொடுவதைத்தான் பார்க்க வேண்டும். நான் ஆசிரியையாகி முப்பது வருடமாகிறது. இன்றைக்கும் எங்கள் பள்ளித் திடலில் யாராவது சத்தம் கேட்டு அமுக்கினால் எனக்கு முதுகு கூசும்.

என் மகளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது, நூறு மீட்டரில் அவளுக்கு நேரம் பார்த்தது அப்பாதான். அப்போது எண் ஓடுகிற கடிகாரம் வந்துவிட்டது, நூறில் ஒரு பங்கு விநாடி வரைக்கும் காட்டும். 15.04. பிள்ளை ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பதினஞ்சு தாத்தா, பதினஞ்சு!" என்று குதித்தாள். அப்பா தாளில் 15.1 என்று எழுதினார். கையால் அமுக்கினால் அதுதான் விதி. அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார், ஆனால் நேரத்தை மாற்றவில்லை. சமாதானத்துக்கு நடுவிலும், "மிசினு பார்த்திருந்தா இன்னும் கூடத்தான் வந்திருக்கும்" என்று சொல்லி இன்னொரு தடவை அழவைத்தார். அதுவும் உண்மைதான். மனிதன் விரல் புறப்பாட்டில் எப்போதும் கொஞ்சம் தாமதம். மின்கருவி அதே ஓட்டத்துக்குச் சுமார் கால் விநாடி கூடுதலாகவே காட்டும். இதையெல்லாம் பதினொரு வயதுப் பிள்ளையிடம் ஐஸ் உருகும்போது சொல்ல வேண்டுமா என்று நான் கேட்டேன். பின்னே எப்போது சொல்வது என்று கேட்டார்.

2017-இல் டாக்டர் ஜெகதீசனின் 200 மீட்டர் தேசியச் சாதனை முறிந்த செய்தி வந்தபோது அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மெக்சிகோ ஒலிம்பிக்கில், 1968-இல், அவர் ஓடிய 20.92. 49 வருடம் யாரும் தொடவில்லை. கைருல் ஹாபிஸ் ஜந்தான் 20.90 ஓடினார். அப்பா ஜெகதீசனின் பக்தர். 1966-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசன் மூன்று தங்கம் வாங்கிய செய்தித்தாள் துண்டு பழுத்துப்போய் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அழுவார் என்று பார்த்தேன். மேசை ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வேகத்தில் 0.02 விநாடி என்றால் தூரம் எவ்வளவு? கையை விரித்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி. "ஒரு சாண் கூட இல்லை. 49 வருசம்." பிறகு பேரப்பிள்ளைக்குப் போன் போட்டு, மலாய்க்காரப் பையன் எவ்வளவு அழகாக வளைவில் ஓடுகிறான் பார் என்று ஒரு மணி நேரம் பேசினார்.

நான்காவது வரி எனக்குக் கஷ்டமானது. ஆனாலும் எழுதியே ஆகவேண்டும்.

மகளிர் விளையாட்டின் முன்னோடி என்று போட்டிருக்கிறீர்கள். அதே 1966 துண்டுகளுக்குள் எம். ராஜாமணியின் படமும் இருக்கிறது. பாங்காக்கில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். அந்த ஆண்டு முதன்முதலாகத் தேசிய விளையாட்டாளர் விருது கொடுத்தபோது ஆண்களில் ஜெகதீசனுக்கும் பெண்களில் அவருக்கும்தான் கொடுத்தார்கள். ஒரு தமிழ்ப்பெண், அதுவும் அப்பா ஓடிய அதே ஓட்டம். படத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் கட்டம் போட்டு வைத்திருந்தார். சின்ன வயதில் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டித்தான் எனக்குச் சோறு ஊட்டினார்கள் என்று அம்மா சொல்வார்.

1984-இல் நான் இரண்டாம் படிவம். 200 மீட்டரில் பள்ளியில் முதலாவது வந்தேன். வட்டாரப் பயிற்சிக்கு அனுப்ப அப்பாவின் கையெழுத்து வேண்டும் என்று உடற்கல்வி ஆசிரியை அனுமதிப் பாரம் கொடுத்தனுப்பினார். பாட்டி, வயசுக்கு வந்த பெண் அரைக்கால் சட்டையோடு ஊர் ஊராகப் போய் ஓடுவதா என்று கேட்டார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. நான் அவர் பேசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாரம் மூன்று நாள் வானொலிப் பெட்டிக்குக் கீழே கிடந்தது. நான்காம் நாள், "படிப்பைப் பாரும்மா" என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமலே திருப்பிக் கொடுத்தார். நான் திரும்பவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஓடவும் இல்லை.

என் மகள் பதின்மூன்று வயதில் முறையாக ஓடத் தொடங்கியபோது ஆணிச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தவர் அதே அப்பாதான். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். கூடத்துத் தரையில் உட்கார்ந்து, ஆணியை எப்படித் திருக வேண்டும், மரையில் மெழுகு தடவாவிட்டால் துருப்பிடித்துப் பிறகு கழற்றவே முடியாது, ரொம்ப இறுக்கினால் அடிப்பாகம் வெடிக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெங்காயம் நல்ல சாக்கு.

நான் கோபமாக எழுதவில்லை. அந்தக் காலம், பாட்டி, நான்கு பிள்ளைகள், ஒரு சம்பளம், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் முன்னோடி என்று போட்டால், 1984-இல் வானொலிப் பெட்டிக்குக் கீழே கிடந்த அந்தப் பாரத்தை என்ன செய்வது? முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்கிறது. அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்தபடி அடுத்த கோட்டில்தான் நான் எழுத வேண்டும், அது அவருடைய நேரமாகவே இருந்தாலும். பேத்தியை ஓடவிட்டார், மகளை ஓடவிடவில்லை. அதுதான் அவருடைய பதிவு.

பதினாறாம் நாளுக்கு மறுநாள் அலமாரியை ஒழித்தபோது அவருடைய நேரப் புத்தகம் கிடைத்தது. பழைய மூட்டைக் கணக்கு நோட்டு. பின்பக்கத்திலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறார். பெரும்பாலும் நம் பள்ளிப் பிள்ளைகள்தான். உங்களில் பலர் அதில் இருக்கிறீர்கள். தலைவர் ஐயா, நீங்கள் 1979-இல் ஓடிய 800 மீட்டரும் இருக்கிறது. சபையில் நீங்கள் வழக்கமாகச் சொல்கிற நேரத்தைவிட ஐந்து விநாடி கூட. வேண்டுமானால் படம் எடுத்துத் தனியாக அனுப்புகிறேன்.

1984 பக்கத்தில் என் பெயரின் முதல் எழுத்து. 200 மீ. 28.4. அதற்குக் கீழே அவருடைய கோணல் எழுத்தில், 'கை நேரம். ஒரே கடிகாரம். வேலிக்கு வெளியே இருந்து பார்த்தது. கணக்கில் சேராது.'

நான் படித்தது பெண்கள் பள்ளி. அங்கே அவர் நேரக் காப்பாளர் இல்லை. அன்று அவர் வந்ததே எனக்குத் தெரியாது. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் சாலையோர வேலி ஒன்று உண்டு, அங்கே சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றிருக்க வேண்டும். அப்படி நின்று பார்த்துவிட்டு வந்தவர்தான், பிறகு பாரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தார். இரண்டும் ஒரே ஆள். இதை எப்படிப் பதாகையில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வரியில் அடங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பதாகையை எடுத்துவிடச் சொல்லவில்லை, திருத்தச் சொல்கிறேன். படம் இருக்கட்டும், பிளேசர் இரவல் என்று நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒலிம்பிக், சீப் இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள். 400 மீட்டர் 49 விநாடி என்ற இடத்தில் '440 கெஜம், 50.0 விநாடி, 1965' என்று போடுங்கள். அந்தப் புள்ளியும் பூஜ்யமும் கட்டாயம் இருக்க வேண்டும், அச்சகத்துக்காரர் இடமில்லை என்று விட்டுவிடப் போகிறார். மகளிர் வரிக்குப் பதிலாக 'நேரக் காப்பாளர்' என்று போட்டால் போதும். அதுதான் அவர் நாற்பது வருடம் செய்த வேலை.

கோப்பையை எந்த ஓட்டத்துக்குக் கொடுப்பது என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கோப்பைக்கு ஒதுக்கிய காசில் கொஞ்சம் மிஞ்சினால் நல்ல கடிகாரம் மூன்று வாங்கிப் பள்ளிக்குக் கொடுங்கள். போன வருடப் போட்டியில் முதல் இடத்துக்கே ஒரு கடிகாரம்தான் இருந்தது, இரண்டாவதாக ஒருவர் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே கடிகாரத்தில் பார்த்தது கணக்கில் சேராது, அதை நான் நன்றாகவே அறிவேன்.

அப்பாவின் பழைய கடிகாரம் என்னிடம் இருக்கிறது. போட்டி அன்று கொண்டுவருகிறேன். முதல் ஓட்டத்துக்கு மட்டும் அதிலும் நேரம் பார்க்கலாம் என்று என் மகள் சொல்கிறாள். அதற்காகவே கோலாலம்பூரிலிருந்து முதல்நாள் இரவே வந்துவிடுவாள், படியில் அவள்தான் உட்காருவாள். காலையில் சாவி கொடுக்க வேண்டும், பன்னிரண்டு சுற்று, அதற்கு மேல் முறுக்கினால் வில் அறுந்துவிடும். முடிவுக்கோட்டுக்குப் பக்கம் கூடாரம் போடாதீர்கள், அங்கிருந்து புகை தெரியாது.

இப்படிக்கு,
மூத்த மகள்